மூட்டை இறக்காத நிழல்

மூணாம் கேட்டில் நிழல் நிமிராமல் போன முதல் ஆள் என் மகன் இஞ்ஞாசிதான். அவனுக்குப் பிறகு பதினோரு பேருக்கு அப்படி ஆனது, அதில் இரண்டு பேர் பெண்கள். ஆனாலும் முதல் ஆள் என் மகன் என்பதாலும், அவன் முதுகு போனதற்குக் காரணம் என் வாய் என்பதாலும், இதைச் சொல்லுகிற கடமை எனக்குத்தான் என்று நினைத்து, செபமாலையை முடித்துவிட்டு, மாதா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்.

மூணாம் கேட் என்றால் உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எண்பது வீடும் ஒரு கோயிலும் உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியும்தான். எங்கே திரும்பினாலும் உப்பு அம்பாரம் வெயிலில் வெள்ளையாய் எரியும், கண்ணைச் சுருக்கிக்கொண்டே பிறந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டே சாகிற ஊர், அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் பற்றி மற்றவர்களைவிட எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிட்டங்கிக்கு நேர் எதிரே ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது, என் நெஞ்சு உயரம் இருக்கும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போன யாரோ ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டது, இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பேரில் மற்றவர்களாவது சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கட்டும் என்று. இப்போது லாரி வந்துவிட்டதால் அதில் யாரும் சுமை இறக்குவதில்லை, சோற்றுத் தூக்குவாளியை வைப்பதோடு சரி.

கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, எப்போது வந்தது என்று தெரியாது, எனக்கு முன்னால் அதை மீறினவரும் கிடையாது. மூட்டை முதுகில் இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மனுஷன் திரும்புவான், கால் முன்னே போகும், இடுப்பு பின்னே வரும், நடுவில் முதுகெலும்பு என்ன செய்யும். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன அன்று சேதி சொல்ல ஓடிய பையன்களை மேஸ்திரி பிச்சையா கையைத் தூக்கி நிறுத்தி, இஞ்ஞாசி லாரிக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அப்பா போய்விட்டார் என்பதைச் சொல்ல விட்டார். அத்தனை பேருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. எனக்கும் தெரியும்.

தெரிந்துதான் கூப்பிட்டேன். என் மருமகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்கவில்லை, அவளும் நானும் முழங்காலால் நடக்காத கோயில் இல்லை, அன்று காலை நர்ஸ் அம்மா இரண்டு மாசம் என்று சொல்லி அனுப்பினதும் ஜெசிந்தா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள், நான் சோற்றை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கு ஓடினேன், ஓடினேன் என்றால் என் வயசுக்கு அது ஓட்டம்தான். தூக்குவாளியைச் சுமைதாங்கிக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் என் மகன் கிட்டங்கி வாசலிலிருந்து உப்பு மூட்டையோடு வெளியே வருகிறான், அந்தச் சந்தோஷத்தில் அவனை வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி, "ஏ தொம்மை" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவன் திரும்பினான். ஈரத் துணியை முறுக்கினமாதிரி ஒரு சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மற்றவர்கள் ஓடிவந்து மூட்டையை அவன் மேலிருந்து புரட்டித் தள்ளினார்கள். எதற்குக் கூப்பிட்டேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாதான் அவனிடம் சொன்னாள். அன்றையிலிருந்து என் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டேன். இங்கே பாரு என்பேன், சாப்பிட வா என்பேன், பேர் மட்டும் வாயில் வராது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இடுப்பு எலும்பு இரண்டுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். இடது கால் யாருடைய காலோ போல் கூடவே இழுபட்டு வந்தது. ஆபரேஷன் செய்யலாம், அதற்கு முன்னால் லேசர் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். டவுனில் சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் அந்த இடம், நடத்துகிறவள் மார்த்தாண்டத்துக்காரி, அஜிதா என்று பேர், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண், என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டின அறை, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும், படுத்தவருக்கும் பச்சைக் கண்ணாடி, அவளுக்கும் பச்சைக் கண்ணாடி. பேனா மாதிரி ஒன்றை முதுகில் பிடிப்பாள், அதன் நுனியிலிருந்து சிவப்பாய் ஒரு பொட்டு விழும், அந்தப் பொட்டை இடுப்பெலும்பு நெடுக அவள் நகர்த்துவது பார்ப்பதற்குச் செபமாலை உருட்டுகிறமாதிரி இருக்கும். குத்தாது, சுடாது, வெளிச்சம் உள்ளே போய் வீக்கத்தை வற்ற வைக்கும், நரம்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று சொல்லி, பயப்படாண்டாம்மா என்று என் கையைப் பிடித்தாள். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையின் துக்கத் தேவரகசியங்களைச் சொல்லுவேன்.

ஏழாவது தடவை முடிந்து வெளியே வந்தபோது என் மகன் நிமிர்ந்து நடந்தான். சுவரைப் பிடிக்காமல், என்னைப் பிடிக்காமல், மாடிப்படியில் தானாக இறங்கினான். நான் பின்னாலேயே சேசுவே சேசுவே என்று சொல்லிக்கொண்டு இறங்கி, தெருவுக்கு வந்து, பதினோரு மணி வெயிலில் அவன் காலடியைப் பார்த்தேன். நிழல் நிமிரவில்லை. இடுப்பில் மடங்கி, முட்டியைக் கொஞ்சம் வளைத்து, முதுகில் ஒரு மூட்டையோடு நின்றது. மூட்டையின் மூலையில் பிடிப்பதற்கு இருக்கிற இரண்டு காதும் தெளிவாகத் தெரிந்தன. தலை மட்டும் முன்னே பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

நான் அதை அவனிடம் சொன்னேன், அவனும் குனிந்து பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும் எம்மா, எனக்கு வலி இல்லை" என்றான். மாடி ஏறிப் போய் அஜிதாவிடம் சொன்னேன். அவள் இறங்கி வந்து பார்த்தாள், அவனைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், அவன் குனிந்தபோதும் நிமிர்ந்தபோதும் நிழல் அப்படியே இருந்தது. நான் படித்த புத்தகத்தில் நிழலைப் பற்றி ஒன்றும் இல்லை அம்மா என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி, இஞ்சி டேப்பை எடுத்துத் தரையில் உட்கார்ந்து வளைவை அளந்து அவனுடைய ஃபைலில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வாரமும் அளந்தாள், ஒருநாளும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதற்காக அவளை இன்றும் என் செபத்தில் நினைக்கிறேன்.

இஞ்ஞாசி நிமிர்ந்ததைப் பார்த்து ஒவ்வொருவராக மாடி ஏறினார்கள். மூட்டை தூக்குகிற பொன்பாண்டி அண்ணாச்சி, உப்பு அள்ளுகிற ரஞ்சிதம், தையல்காரி சகாயமேரி, இப்படிப் பதினோரு பேர், எல்லோரும் நிமிர்ந்து இறங்கினார்கள், எல்லோருடைய நிழலும் குனிந்தே நின்றது. ரஞ்சிதத்தின் நிழல் தலையில் உப்புக் கூடை, சகாயமேரியின் நிழல் கண்ணுக்குத் தெரியாத மிஷின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்த முதுகு. வலி போனவர்கள் நிழலைப் பற்றி என்ன கவலைப்படப் போகிறார்கள். ஊரும் ஒரு மாசத்தில் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் அவர்களுக்கு மட்டும் பந்தலுக்குக் கீழே ஸ்டூல் போட்டார், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவன் அவர்களை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான், பொடிப் பிள்ளைகளுக்கு அந்த நிழல்களை மிதிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தோம், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலேயே நாய்கள் அதில் படுக்கவில்லை. ரஞ்சிதத்தின் மாமியார் அவள் நிழலின் தலைமாட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தாள், நான் கண்ணால் பார்த்தேன், வெயிலில் வற்றுகிற வேகமா அது, மடக் மடக்கென்று குறைந்தது. பிறகு எல்லா வீட்டிலும் வைத்தோம். பூசை முடிந்ததும் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் பங்குச் சாமியாரிடம் போய், நற்கருணை வாங்குகிறவர் நிமிர்ந்து நிற்க நிழல் குனிந்திருந்தால் அது முழந்தாளிட்டதாகக் கணக்கா என்று கேட்டார், சாமியார், சுமையோடு வருகிறவர்களைத்தானே ஆண்டவர் முதலில் கூப்பிட்டார், வரட்டும் என்றார்.

ஆனால் எங்கள் கட்டுப்பாடு எங்களை விடவில்லை. மூட்டை முதுகில் இருக்கிறவனைக் கூப்பிடக் கூடாது, நிழல் முதுகில் மூட்டை இருக்கிறது, ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரையும் வெயிலில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டுத்தான் பேசினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. பெற்ற பிள்ளைகள்கூட அப்பா என்று தூரத்திலிருந்து கூப்பிடவில்லை.

ஜெசிந்தாவுக்கு ஆறு மாசம் ஆனபோது இஞ்ஞாசி கிட்டங்கிக்குத் திரும்பினான். அஜிதா வேண்டாம் என்றுதான் சொன்னாள், நடக்கலாம், உட்கார்ந்து செய்கிற வேலை செய்யலாம், மூட்டை மட்டும் இன்னும் ஒரு வருஷத்துக்குத் தொடாதே என்று கைகூப்பிச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு மூட்டை தூக்கினான், ஒன்றுமே தெரியவில்லை என்றான். மறுநாள் இரண்டு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னான், அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. லாரியில் இவன் இறக்குகிற மூட்டை இவனை விட்டு இறங்கியதே தவிர நிழலை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரும்போது நிழலின் முதுகில் இரண்டு, மறுநாள் ஆறு, ஒரு வாரத்தில் எண்ண முடியாத அளவுக்கு அடுக்கு ஏறி, நிழல் முட்டி போட்டது, பிறகு கையை ஊன்றியது, பிறகு தவழ்ந்தது. அவன் நடந்து வந்த மண்ணில் கால்தடத்துக்குப் பக்கத்தில் படகை இழுத்துக்கொண்டு போனமாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசில் அடித்தபடி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவன் ஜன்னலோரம் படுத்துத் தூங்குவான். குழந்தை மாதிரி சத்தமே இல்லாமல் தூங்குவான். ஆனால் அறைக்குள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும், பாரத்தின் கீழே நிற்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு, அவன் நிழல் விழுகிற சுவரிலிருந்து. நானும் ஜெசிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுவோம். ஒருநாள் அவள் எழுந்துபோய் ஈரத் துணியால் அந்தச் சுவரைத் துடைத்தாள், துணியை முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வியர்வை.

இதெல்லாம் பழகிவிட்டது என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பழகிவிட்டது. பழகாமல் போனது பொன்பாண்டி அண்ணாச்சி விஷயத்தில்தான். அவரும் மூட்டை தூக்கத் திரும்பியிருந்தார், அவர் நிழல் ஒருநாள் மூட்டைகளுக்கு அடியில் தட்டையாகப் படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை, அவர் போன இடமெல்லாம் நனைந்த சாக்குபோல் பின்னாலேயே இழுபட்டது. அவருக்கு ஒரு வலியும் இல்லை. பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனார், கேட்டைத் தாண்டுகிற இடத்தில் பிள்ளை நழுவிச் சரளைக் கல்லில் விழுந்தது, அவருக்குத் தெரியவில்லை, போய்க்கொண்டே இருந்தார். கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி கடை வாசலில் நின்று, இடுப்பைச் சுற்றி வளைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்து, "பாப்பாக்கு என்ன மிட்டாய் வேணும், தாத்தாட்ட சொல்லு" என்று கேட்டாராம். கேட்கீப்பர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார், முழங்கையில் சிராய்ப்புதான், மாதா காப்பாற்றினாள். ஆனால் அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது, இவர்களிடமிருந்து போனது வலி மட்டும் இல்லை, எடையே போய்விட்டது. எதைத் தூக்கினாலும் தூக்கினது தெரியாது, எதைப் போட்டாலும் போட்டது தெரியாது.

ஜெசிந்தா அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயிறு நிறைமாசம். "மாமி, பிள்ளை பொறந்தா அவுக கையில குடுக்க மாட்டேன்" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ எண்ணூறு கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலையில் இஞ்ஞாசி குளித்துவிட்டு, தலையைத் துவட்டி, வெள்ளை வேட்டி கட்டி, என் முன்னால் வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். ஜெசிந்தா சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆறு வருஷம் அழுது வாங்கின பிள்ளை. பெற்றவனுக்கு எப்படி இல்லை என்பது. நான் பிள்ளையை எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தேன், ஆனால் அடியில் என் கையை எடுக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், ஏதோ பெரிய விஷயம் வரப்போகிறது என்று காத்திருக்கிறவன் மாதிரி. கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்.

"குடுத்துட்டீங்களா எம்மா?"

ஜெசிந்தா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கண்ணைத் திறந்து, நீட்டின கை இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்த அன்றுகூட அழாதவன் அன்று அழுதான். அழுகிற கண்ணீரின் பாரமும் அவனுக்குத் தெரியவில்லை, துடைக்கவே இல்லை.

நான் செபமாலையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் நின்றேன். நேர்மையாகச் சொன்னால் செபம் செய்யவில்லை, மாதாவோடு சண்டை போட்டேன். அவன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான், வெயில் அவனைத் தாண்டி வந்து நிழலை என் காலடியில் போட்டது. கையும் காலும் ஊன்றி, மலை மாதிரி மூட்டைக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக. அப்போதும் அதன் தலை ஒரு பக்கமாகத் திரும்பித்தான் இருந்தது. மற்றப் பதினோரு நிழலும் தரையைப் பார்க்கும், இது மட்டும் திரும்பிப் பார்க்கும், இத்தனை மாசமாக இதைப் பார்க்கிறேன், எதைப் பார்க்கிறது என்று நான் கேட்டதே இல்லை. செபமாலை கையிலேயே நின்றுவிட்டது. என்னைத்தான் பார்க்கிறது. தொம்மை என்று கூப்பிட்டது யார், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று திரும்பின தலை அது. கூப்பிட்டேன், திரும்பினான், விழுந்தான். கூப்பிட்ட விஷயத்தை நான் அதுவரை சொல்லவே இல்லை. அவன் மேலிருந்த மூட்டையை மற்றவர்கள் புரட்டித் தள்ளினார்களே தவிர அவனாக இறக்கி வைக்கவில்லை. கறுப்புக் காகிதம் ஒட்டின அறைக்குள் உடம்பு போய்ப் படுத்துக் குணமாகும்போது, செருப்போடு செருப்பாய் இந்த நிழல் வாசல் வெயிலில், என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, மூட்டையோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இஞ்ஞாசியைக் கூட்டிக்கொண்டு சுமைதாங்கிக் கல்லுக்குப் போனேன். பிள்ளையை ஜெசிந்தா துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சூரியன் உப்பளத்துக்கு மேலே தாழ இறங்கியிருந்தது, கல்லின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே கிட்டங்கி வாசல் வரைக்கும் நீளமாக விழுந்து கிடந்தது, ஒரு லாரி நீளம். மகனைக் கல்லை ஒட்டி நிற்க வைத்தேன், அவன் நிழல் கல்லின் நிழலுக்குப் பக்கத்தில் தவழ்ந்து நின்றது. நான் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி பிச்சையாவுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பது என் முகத்திலேயே தெரிந்துவிட்டது போல, ஈரக் கையோடு ரோட்டைத் தாண்டி வந்தார். "வேண்டாம் மதினி" என்றார், "பாரத்துல நிக்கிறவனைக் கூப்பிட்டு ஒருதரம் பட்டது போதாதா?" குரலில் கோபம் இல்லை, பயம்தான். நானும் பயந்துதான் இருந்தேன். அதற்கு மேல் அவர் என்னைத் தடுக்கவில்லை.

நான் மகனைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, அன்றைக்குக் கூப்பிட்டமாதிரியே கூப்பிட்டேன்.

"ஏ தொம்மை. அம்மைதான் கூப்பிடுதேன். அன்னைக்கு ஒரு சேதி சொல்லத்தான் வந்தேன் மக்கா. ஜெசிந்தா உண்டாயிருக்கா. ஒனக்குப் பிள்ளை பொறக்கப் போவுது. மூட்டைய இறக்கி வச்சுட்டு வா, சோறு கொண்டாந்திருக்கேன்."

பிறகு நிழலின் கழுத்து, இத்தனை மாசம் திரும்பியே இருந்த கழுத்து, மெல்ல நேராயிற்று. ஒரு கையைத் தரையிலிருந்து எடுத்தது, மேலே இருந்த மூட்டையின் காதைத் தேடியது. பாரத்தைத் தனியாக யாரும் இறக்க முடியாது, எதிர்ப்பக்கம் ஓர் ஆள் பிடிக்க வேண்டும், அது எந்த ஊருக்கும் பொது. நான் வெறும் கையை நீட்டினேன், என் நிழல் மூட்டையின் இந்தக் காதைப் பிடித்தது, இரண்டு நிழலுமாக அதைக் கல்லின் நிழல் மேல் வைத்தோம், வைத்த உடனே என் தோள்பட்டை இரண்டும் இறங்கிப்போனது. ஒன்று. அதற்கு மேல் இன்னும் நூற்றுக்கணக்கில். மேஸ்திரி பிச்சையா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரைப் பார்த்துக் கிட்டங்கி ஆட்கள் எல்லோரும் வந்து ரோட்டில் வரிசை போட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், இருபது ஆம்பளைகள் வெறும் கையை நீட்டுவதும் வாங்குவதும் கொடுப்பதுமாக, ஒரு சத்தமும் இல்லாமல், சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துக்கொண்டு நிற்க, தரையில் நிழலிலிருந்து நிழலுக்கு மூட்டை கைமாறிக்கொண்டே போகிறது. அந்த வழியாக வந்த பஸ்ஸை டிரைவர் நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார், ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை.

கடைசி மூட்டை இறங்கினபோது என் மகன் அலறினான். வலி வந்த அலறல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் சாய்ந்தான், இடது கால் நடுங்கியது. நான் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன், எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அஜிதா அவனைத் திட்டவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், லேசரும் வைத்தாள், குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்குகிற பயிற்சியும் கொடுத்தாள், ஆறு மாசம் பிடித்தது. ஒரு ஜன்னலில் மட்டும் கறுப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கட்டிலை அதன் பக்கம் திருப்பிப் போட்டாள், படுக்கிறவரின் நிழலும் கட்டிலில் கூடவே படுக்கட்டும் என்று. அவன் மூட்டை தூக்குவதை விட்டு, கிட்டங்கி வாசலில் சாக்குத் தைக்க உட்கார்ந்துவிட்டான். மற்றப் பதினோரு பேரையும் அவரவர் வீட்டார் கல்லுக்குக் கூட்டி வந்தார்கள், என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அவரவருக்குத்தான் தெரியும், சிலருடையது இறங்கியது, பொன்பாண்டி அண்ணாச்சியின் நிழல் மட்டும் கூப்பிட்டதைக் கேட்டதாகவே தெரியவில்லை, இன்றைக்கும் பின்னால் இழுபடுகிறது, அவர் சாப்பிடும்போது கை படுகிற வேகம் தெரியாமல் இழுத்துவிடுவார் என்று வாழையிலையைக் கல்லை வைத்து அமுக்குகிறோம், அவர் கைக்கு அப்படி ஒரு கல் வைக்க முடியவில்லை. இப்போது மாடிக்கு வைத்தியத்துக்குப் போகிற யாரையும் உள்ளே நுழைகிறதற்கு முன்னால் கூட வந்தவர் அவர் பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் புதுக் கட்டுப்பாடு. சுமைதாங்கிக் கல் அப்படியேதான் நிற்கிறது, மேலே ஒன்றும் இல்லை, ஆனால் அதன் நிழலில் மூட்டைகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன, அதில் இப்போது யாரும் தூக்குவாளி வைப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு போன அந்தப் பெண்ணுக்கும் கல்லடியில் ஒரு திரி வைத்து ஏற்றுகிறோம்.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். அவன் கல்லில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், வரிசையில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைக்கிறார்கள், ஜெசிந்தா யாரையும் பார்க்காமல் நேராக அவனிடம் நடந்து வந்தாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவன் இடது கைவளைவில் வைத்து, வைத்த கையை முழுசாக எடுத்துவிட்டு, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள். அவன் தோள் இறங்கியது. முழங்கை இறுகியது. வலியில் கொஞ்சம் குனிந்தான், அவன் குனிந்த அளவுக்குத் தரையில் நிழலும் குனிந்தது, அதன் கையிலும் சின்னதாக ஒரு துணிப் பொதி.

"எம்மா," என்றான், "கனக்குது."

நான் இன்னொரு தரம் தொம்மை என்று கூப்பிட்டேன். அவனும் அவன் நிழலும், இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.